4 சென்டிமீட்டர் சான்று, 62 சென்டிமீட்டர் ஊகம்: சுவான்சோ கப்பலுக்கு ஒரு மரமாதிரி

பெட்டியின்மேல் அச்சிட்டிருந்த கப்பல் கம்பீரமாகத்தான் இருந்தது. முகப்பில் பச்சை வண்ணம், இரு பக்கமும் உருண்டைக் கண்கள், செந்நிறப் பாய்கள் மூன்று, பின்னால் சாய்சதுர ஓட்டைகள் போட்ட பெரிய சுக்கான். கீழே ‘சொங் காலத்து வணிகக் கப்பல், 13ஆம் நூற்றாண்டு’ என்று ஒரு வரி. உள்ளே எல்லாம் அளவாக வெட்டிய மரத்துண்டுகள். வரைபடத்தைப் பார்த்து ஒட்ட வேண்டியதுதான் பாக்கி.

அடிமரத்தையும் எட்டுக் குறுக்குத் துண்டுகளையும் ஒட்டி முடித்த பிறகுதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. இப்படி ஒரு கப்பலை யார் பார்த்தார்கள்? பச்சை முகப்பு என்று எந்தக் கணக்கில் சொல்கிறார்கள்? பெட்டியை மூடி வைத்துவிட்டுத் தேடத் தொடங்கினேன். தேடி முடித்தபோது அந்த மாதிரியைப் பிரித்துப்போட்டுவிட்டு வேறொன்றை அடியிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஒரு கப்பல் மாதிரியில் எது வரை சான்று, எங்கிருந்து ஊகம் என்பதுதான் இங்கே பேசப்போகும் விஷயம். அதற்கு நான் எடுத்துக்கொண்டது சுவான்சோ கப்பல்.

சேற்றிலிருந்து வந்தது

தென்கிழக்குச் சீனத்தின் ஃபூஜியன் மாகாணத்தில் சுவான்சோ வளைகுடா. அதன் ஹௌசூ துறையில் 1973இல் சேற்றுக்குள் ஒரு பழைய கப்பல் இருப்பது தெரியவந்தது. 1974 கோடையில் அகழ்ந்தெடுத்தார்கள். மிஞ்சியிருந்த உடலின் நீளம் 24.2 மீட்டர், அகலம் 9.15 மீட்டர், ஆழம் 1.98 மீட்டர். மேல்தளம் இல்லை, பாய்மரம் இல்லை, பக்கச் சுவரின் மேற்பகுதியும் இல்லை. சேறு மூடிய அளவுக்குத்தான் மரம் பிழைத்திருந்தது. மூடாத மரத்தை நீரும் புழுவும் தின்றுவிட்டன.

சரக்கில் பெரும்பங்கு வாசனைக் கட்டைகள், ஏறத்தாழ 2,400 கிலோ. கூடவே மிளகு, பாக்கு, சோழிகள், அம்பர் (திமிங்கலத்திடமிருந்து கிடைக்கும் வாசனைப் பொருள்), ஆமையோடு, பாதரசம். சரக்குக்குக் கட்டியிருந்த மரச் சீட்டுகள் 96. இருபது சீனச் சதுரங்கக் காய்களும் கிடைத்தன. துறைக்கு வந்து சேரும்வரை யாரோ ஆடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். காசுகள் 504. அவற்றில் மிகப் பிந்தியது 1271ஆம் ஆண்டுக்குரியது. 1277 வாக்கில், சொங் ஆட்சி சரிந்து மங்கோலியர் கைக்கு நகரம் மாறிய குழப்பத்தில், இந்தக் கப்பல் துறையிலேயே கைவிடப்பட்டு மூழ்கியிருக்கும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. சுமத்ராப் பக்கமிருந்து வந்தது என்பார் சிலர். சோழியையும் அம்பரையும் காட்டி, இந்தியப் பெருங்கடலிலிருந்தே திரும்பிய கப்பல் இது என்று வாதிடுவோரும் உண்டு.

கப்பலைப் பிரித்தெடுத்துக் கொண்டுபோய், நகரின் கைய்யுவான் பௌத்தக் கோயில் வளாகத்தில் மறுபடி பூட்டி நிறுத்தினார்கள். அதே வளாகத்தின் பெரிய மண்டபத்துப் பின்புறத்தில் இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன. அவற்றில் கண்ணன் கதையும் நரசிம்மரும் செதுக்கப்பட்டிருக்கும். இடிந்துபோன ஓர் இந்துக் கோயிலிலிருந்து வந்த தூண்கள் அவை. சக ஆண்டு 1203, அதாவது 1281 ஏப்ரலில், சம்பந்தப்பெருமாள் என்பவர் செகாசைகான் என்ற மங்கோலிய ஆட்சியாளரின் உடல்நலம் வேண்டித் திருக்கதலீசுவரத்து உடையாரை எழுந்தருளப் பண்ணிய செய்தி தமிழ்க் கல்வெட்டாக இந்த ஊரில் கிடைத்திருக்கிறது. கப்பல் மூழ்கி நாலைந்து ஆண்டுக்குள் வெட்டிய கல். துறையில் மிளகு இறக்கும்போது தமிழ்ப் பேச்சு கேட்டிருக்கும் என்று நினைப்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை.

அடியிலிருந்து மேலே

நான் எடுத்துக்கொண்ட அளவு 1:50. உண்மைக் கப்பலில் 50 சென்டிமீட்டர் என் மேசையில் 1 சென்டிமீட்டர்.

முதலில் ஏரா. நம் கடற்கரையில் படகு கட்டுகிறவர்கள் அடிமரத்தை அப்படித்தான் சொல்வார்கள். சுவான்சோ கப்பலின் ஏரா இரண்டு துண்டுகள் பொருந்தியது: முதன்மைத் துண்டு 12.4 மீட்டர், பின்துண்டு 5.25 மீட்டர். மொத்தம் 17.65 மீட்டர் என்றால் மாதிரியில் 35.3 சென்டிமீட்டர். மரம் பைன். முன்னே அணியத்தில் எழும் கட்டை கற்பூர மரம். பக்கப் பலகைகள் சீன ஃபிர். ஆற்றுப் படகுகளைப்போல அடி தட்டையாக இல்லை. குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில ‘வி’ எழுத்துப்போல ஒடுங்கி இறங்குகிறது. ஆழ்கடலுக்கு என்றே செய்த அடி இது. சீனக் கப்பல் என்றாலே பெட்டிபோலத் தட்டை அடி என்று பள்ளிப் படங்களில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதிது. என்னிடம் வந்த பெட்டியிலும் அடி தட்டையாகத்தான் இருந்தது. அதைப் பிரித்துப்போட்டதற்கு முதல் காரணமே அதுதான்.

இரண்டாவது காரணம் குறுக்குத் துண்டுகள். மேலைநாட்டு மாதிரித் தொழிலில் அடிமரத்தின்மேல் வரிசையாகக் குறுக்குத் தகடுகளை நிறுத்தி, அவற்றைச் சுற்றிப் பலகை ஒட்டுவது பழைய வழக்கம். அந்தத் தகடுகள் உண்மைக் கப்பலில் கிடையாது. உருவம் பிசகாமல் இருக்க மாதிரிக்காரன் செய்துகொள்ளும் சௌகரியம் அவை. சீனக் கப்பலிலோ குறுக்குத் தடுப்புகள் நிஜம். கப்பலின் உயிரே அவைதான். சுவான்சோ கப்பலில் 12 தடுப்புகள், அவற்றால் 13 அறைகள். தடுப்புப் பலகையின் கனம் 10 முதல் 12 சென்டிமீட்டர். ஓர் அறையில் ஓட்டை விழுந்தாலும் தண்ணீர் அடுத்த அறைக்குப் போகாது. பெட்டியில் எட்டுத் தகடுகள் இருந்தன என்றேனே, அதைச் செய்தவருக்கு அவை வெறும் சௌகரியம். எட்டா பன்னிரண்டா என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

இந்த இடத்தில் மார்க்கோ போலோவைக் கூப்பிடாமல் முடியாது. இதே துறையிலிருந்துதான், சைதூன் என்று அவர் எழுதும் ஊரிலிருந்துதான், மங்கோலிய இளவரசியை அழைத்துக்கொண்டு 14 கப்பல்களுடன் 1290களின் தொடக்கத்தில் அவர் கிளம்பினார். பெரிய கப்பல்களில் 13 அறைகள் இருக்கும், பாறையில் இடித்தாலோ திமிங்கலம் மோதினாலோ உள்ளே வரும் நீர் மற்ற அறைகளுக்குப் பரவாது என்கிறார் அவர். பலகை இரட்டை அடுக்கு, பழுதுபார்க்கும்போது பழைய பலகையைக் கழற்றாமல் அதன்மேல் இன்னோர் அடுக்கை அடிப்பார்கள், ஆறு அடுக்கு வரை போகும் என்றும் சொல்கிறார். பயணிகள் எழுதியதை அப்படியே நம்பக் கூடாது என்பது சரி. ஆனால் சேற்றிலிருந்து வந்த கப்பலை எண்ணிப் பார்த்தால் அறைகள் 13. பலகையும் அடிப்பகுதியில் இரண்டு அடுக்கு, பக்கவாட்டில் ஏறும்போது மூன்று. போலோ பல இடங்களில் மிகைப்படுத்திப் பேசுகிறவர்தான். இந்த இடத்தில் ஆசாரியைப்போல எண்ணிச் சொல்லியிருக்கிறார்.

உள் அடுக்குப் பலகை சுமார் 8 சென்டிமீட்டர் கனம், வெளி அடுக்குகள் ஒவ்வொன்றும் சுமார் 5. மாதிரியில் அவை 1.6 மில்லிமீட்டரும் 1 மில்லிமீட்டரும். இதைத் தேக்கில் செய்யப் பார்த்தேன். தவறு. தேக்கின் ரேகை பெரியது. 1 மில்லிமீட்டர் பட்டையில் அது ஒரு முழுப் பலகையின் அகலத்துக்கு ஓடும். பார்ப்பவர் கண்ணுக்கு அது உடனே பொம்மையாகிவிடும். மாதிரியில் மரத்தின் ரேகையும் 1:50க்குச் சுருங்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை, கெடுத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பிறகு மஞ்சக்கடம்புக்கு மாறினேன். சீப்பும் அளவுகோலும் செய்கிற மரம், ரேகை தெரியாத அளவுக்கு நெருக்கம், வெந்நீரில் ஊறவைத்தால் வளைகிறது.

பலகை இடுக்குகளை அடைக்கத் துங் என்ற சீன மரத்தின் விதை எண்ணெய், சுண்ணாம்பு, நார் மூன்றையும் இடித்துக் குழைத்துத் திணித்திருந்தார்கள். நம் பக்கத்தில் கலப்பற்று என்கிற வேலை அது. இந்தச் சீனக் குழைவைப் பற்றி எழுதும் ஆங்கிலேயர்கள் இதைச் ‘சுனாம்’ என்பார்கள். இந்தியத் துறைகளில் நம் சுண்ணாம்பைக் கேட்டுப் பழகிய வாய், சீனத்திலும் அதே சொல்லைக் கொண்டுபோய் ஒட்டிவிட்டது. மாதிரியில் இது வெறும் கோடு. பலகையின் ஓரத்தில் பென்சிலை ஒரு முறை இழுத்துவிட்டு ஒட்டினால் போதும்.

சான்று நிற்கும் இடம்

மிஞ்சிய உடலின் ஆழம் 1.98 மீட்டர் என்றேன். மாதிரியில் அது 4 சென்டிமீட்டர்கூட முழுதாக இல்லை. அதுவரைக்கும் யாரும் என்னைக் கேள்வி கேட்க முடியாது, ஒவ்வொரு துண்டும் அளந்து பதிந்தது. அதற்குமேல்?

பாய்மரங்கள் எங்கே நின்றன என்பது ஓரளவு தெரியும். முதல் அறையிலும் ஆறாவது அறையிலும் பாய்மரத்துக்கான அடிக்கட்டைகள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு சதுரக் குழிகள். மரத்தை இரு பக்கமும் பிடித்து நிற்கும் தாங்குகால்களுக்கு உரியவை. பின்னால், அமரத்துக் குறுக்குக் கட்டையில், சுக்கான் தண்டு நிற்கும் வட்டக் குழி இருக்கிறது. ஆக இரண்டு பாய்மரம் உறுதி. மூன்றாவது இருந்திருக்கலாம் என்று பலரும் வரைகிறார்கள். அதற்கு அடிக்கட்டை இல்லை.

உயரத்துக்கு வேறொரு வழி இருக்கிறது. 1123இல் சொங் அரசு கொரியாவுக்கு அனுப்பிய தூதுக் குழுவில் ஷூ ஜிங் என்ற அதிகாரி இருந்தார். கப்பல்களைப் பற்றி அவர் எழுதியது மாதிரிக்காரர்களுக்குப் பொக்கிஷம். நீளம் பத்துச் ‘சாங்’குக்கு மேல், அதாவது 31 மீட்டருக்கு மேல். மேல்புறம் தராசுத் தட்டுபோலச் சமம், கீழ்ப்புறம் கத்தி முனைபோலக் கூர்மை. நடுப் பாய்மரம் பத்துச் சாங், முன் பாய்மரம் எட்டு. காற்று நேராக வந்தால் ஐம்பது மடிப்புத் துணிப்பாய், பக்கமாக வந்தால் பாய்ப்பின்னல் பாய், உச்சியில் சின்னதாக இன்னொன்று, அதற்கு ‘காட்டு நரிப் பாய்’ என்று பெயர். சுக்கானிலும் பெரியது, சிறியது என இரண்டு, நீரின் ஆழத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்வார்கள்.

சுவான்சோ கப்பலின் முழு நீளம் சுமார் 34 மீட்டர் இருந்திருக்கும், 200 டன் அளவுக்குச் சரக்கு ஏற்றியிருக்கும் என்று மீட்டுருவாக்கம் செய்தவர்கள் கணக்கிட்டார்கள். ஷூ ஜிங் சொல்லும் கப்பலுக்கு மிக அருகில் வரும் அளவு. அவர் சொன்ன நடுப் பாய்மரத்தை இதற்குப் பொருத்தினால் மாதிரியில் 62 சென்டிமீட்டர். அதுவும் ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்தைய வேறொரு கப்பலின் பாய்மரம். 4 சென்டிமீட்டர் சான்றின் தலையில் 62 சென்டிமீட்டர் ஊகத்தை நட வேண்டும். பார்ப்பவர் கண் முதலில் போவது அந்த 62க்குத்தான்.

இனிப் பெட்டிப் படத்துக்கு வரலாம்.

பச்சை முகப்பு. சிங் ஆட்சியில் யுங்ஜெங் பேரரசரின் முதல் ஆண்டில், 1723இல், எந்த மாகாணத்துக் கப்பல் என்று தொலைவிலேயே தெரியும்படி முகப்புக்கு நிறம் பூச வேண்டும் என்று விதி வந்தது. குவாங்டொங்குக்குச் சிவப்பு, ஃபூஜியனுக்குப் பச்சை. சுவான்சோ ஃபூஜியனில் இருப்பதால் பச்சை என்று படம் போட்டவர் முடிவு செய்திருப்பார். ஊர் சரி. காலம் நாலரை நூற்றாண்டு பிசகு. சாய்சதுர ஓட்டைச் சுக்கானும் தெற்கே குவாங்டொங் பக்கத்துக் கப்பல்களில் பிற்காலத்தில் பார்த்துப் பழகியது. செந்நிறப் பாய் ஹாங்காங் துறைமுகப் படங்களிலிருந்து வந்தது. மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்த துணிப்பாயின் நிறம் அது, இன்று உலகம் முழுக்கச் சீனக் கப்பலுக்கே அடையாளமாகிவிட்டது.

கண்கள் எனக்குக் கொஞ்சம் வருத்தம். ஃபூஜியன் வழக்கில் கப்பல் ஓர் உயிர், கண் இல்லாமல் அது வழி பார்க்காது. மீன்பிடி படகின் கருவிழி கீழே மீனைப் பார்க்கும், வணிகக் கப்பலின் கருவிழி நேரே பார்க்கும். அழகான வழக்கம். ஆனால் கண் இருக்க வேண்டிய மேல் அணியம் இந்தக் கப்பலில் மிஞ்சவில்லை. பெட்டிப் படத்துக் கப்பல் வணிகக் கப்பல்தான், அதன் விழி கீழே பார்த்தது என்பது வேறு விஷயம்.

மற்றவர்கள் இதை எப்படிச் செய்தார்கள்

இந்தச் சிக்கலே இல்லாத மாதிரிகளும் உண்டு. சீனச் சுங்கத்துறையின் தலைமை இன்ஸ்பெக்டராக 1929 முதல் 1943 வரை இருந்த பிரெடரிக் மேஸ், தம் காலத்தில் ஓடிக்கொண்டிருந்த சீனப் பாய்க்கப்பல்களைச் சீனக் கைவினைஞர்களைக் கொண்டே மாதிரிகளாகச் செய்வித்து லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அவர் துறையில் ஆற்று இன்ஸ்பெக்டராக இருந்த வூஸ்டர் என்பவர் யாங்சி ஆற்றின் படகுகளைத் துறை துறையாகப் போய் அளந்து எழுதினார். கப்பல் கண்முன் நின்றது, செய்தவனும் பக்கத்தில் இருந்தான். பாயைத் தாங்கும் குறுக்குக் கழியான பருமலில் கயிறு எங்கே முடிகிறது என்று கேட்டால் பதில் வரும். அந்தக் கப்பல்கள் அநேகமாக எல்லாம் போய்விட்ட நிலையில் இன்று மாதிரிதான் சான்று.

நேர் எதிர்முனையில், மிங் ஆட்சியின் கடற்படைத் தலைவர் செங் ஹவின் புதையல் கப்பல். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏழு முறை தென்கடலும் இந்தியப் பெருங்கடலும் கண்ட கப்பற்படை. இலங்கையின் காலி நகரில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் 1409 தேதியிட்ட கல்வெட்டை விட்டுப்போனது அதுவே. சீன வரலாற்று ஏட்டில் பெரிய கப்பலின் நீளம் 44 சாங் 4 அடி, அகலம் 18 சாங் என்று இருக்கிறது. ஏறத்தாழ 130 மீட்டர். மரத்தில் அவ்வளவு பெரிய கப்பல் கடலில் முறுக்கித் திறந்துகொள்ளாமல் நிற்குமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. கிடைத்த பொருள் என்று சொன்னால், நான்ஜிங் கப்பல் கட்டும் துறையில் 1957இல் எடுத்த 11.07 மீட்டர் நீளச் சுக்கான் தண்டு ஒன்றைச் சொல்லலாம். கப்பல் ஒன்றுகூட இல்லை. ஆனால் சீனக் கப்பல் மாதிரி என்று கடைகளில் பரவலாகத் தென்படுவது, ஒன்பது பாய்மரத்தோடு, அதுதான். பக்கத்தில் கொலம்பசின் சின்னக் கப்பலையும் வைத்துவிட்டால் விற்பனைக்கு வேறு வார்த்தை வேண்டாம்.

மூன்றாவதாக, கடலையே பரிசோதகராக வைத்தவர்கள். மிங் காலத்துப் போர்க்கப்பலின் சாயலில் ஃபூஜியனில் பழைய முறையிலேயே கட்டிய ‘தைப்பிங் இளவரசி’ 2008இல் பசிபிக்கைக் கடந்து அமெரிக்கா போனது. திரும்பி வரும்போது, 2009 ஏப்ரலில், தைவான் கரையை நெருங்குகையில் ஒரு சரக்குக் கப்பல் மோதி இரண்டாகப் பிளந்தது. ஆட்கள் மிதந்த பாகங்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், எல்லோரும் பிழைத்தார்கள். அடுத்த ஆண்டு யுனெஸ்கோ, சீனக் கப்பல்களின் நீர்புகாத் தடுப்பறை நுட்பத்தை உடனடிப் பாதுகாப்பு வேண்டும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அந்த நுட்பம் முழுதும் கைவந்த ஆசான்கள் அப்போது மூன்றே பேர்.

என் மேசையில்

நான் எடுத்த முடிவு இது. சேற்றில் மிஞ்சிய உயரம் வரைக்கும் பலகை, இரண்டும் மூன்றுமான அடுக்குகளோடு, எண்ணெய் பூசிக் கறுப்பாக. அதற்குமேல் வெளிறிய மரத்தில் வங்குகளின், அதாவது விலாக்கட்டைகளின், கோடு மட்டும், பலகை இல்லை. அடிக்கட்டை கிடைத்த இரண்டு இடத்திலும் பாய்மரம், எண்ணெய் பூசாமல். மூன்றாவது இல்லை. கண், நிறம் எதுவும் இல்லை. பாயில் மட்டும் ஒரு சபலம் மிச்சமிருந்தது. மூங்கில் கழி 5 சென்டிமீட்டர் என்றால் மாதிரியில் 1 மில்லிமீட்டர், தென்னை ஈர்க்குச்சி அதற்கென்றே பிறந்ததுபோல இருக்கிறது. நடுப் பாய்மரத்துக்கு ஒரு பாய் செய்தும் பார்த்தேன், பொருந்தியது. கழற்றித் தனியே சுருட்டி வைத்திருக்கிறேன். கேட்பவருக்கு எடுத்து மாட்டிக் காட்டலாம்.

பார்த்தவர்களில் பாதிப் பேர் ‘எப்போ முடிப்பீங்க?’ என்கிறார்கள்.

முடித்த ஒன்றை அவர்கள் பார்க்க வழியில்லை. சுவான்சோ கப்பலின் ஏராத் துண்டுகள் பொருந்தும் மூட்டில், பொருத்துமுன் ஏழு சின்னக் குழிகள் குடைந்து காசுகளையும், கீழே பெரிய குழி ஒன்றில் வெண்கலக் கண்ணாடி ஒன்றையும் வைத்திருந்தார்கள். ஏழும் வடக்கு வானத்துச் சப்தரிஷிகள், கண்ணாடி முழுநிலா. ஃபூஜியன் தச்சர்கள் இதை ஆயுள் குழி என்பார்கள். 1:50இல் காசுக் குழி ஒன்று அரை மில்லிமீட்டர், கண்ணாடி 2 மில்லிமீட்டர். மிக மெல்லிய துளைக்கம்பியைக் கையாலேயே உருட்டி ஏழும் போட்டேன், பித்தளைத் தகட்டில் நிலாவை வெட்டினேன். இரண்டு கம்பி முறிந்தது, ஒரு நிலா தரையில் விழுந்து தொலைந்தது. அன்று இரவே மூட்டைப் பசை போட்டு இறுக்கிவிட்டேன்.